சப்பாத்துப் பார்த்து ஆள் எடுத்தவர்

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எத்தனையோ பேருக்குப் பயந்திருக்கிறேன். தலைநகர் பேர்ணில் என்னை விசாரித்த அதிகாரிக்குப் பயந்தேன். ரயிலில் டிக்கெட் பார்க்கிறவருக்கு, டிக்கெட் கையில் இருக்கும்போதே பயந்தேன். ஆனால் ஒரு மனிதர் குனிந்து என் கால் பக்கம் பார்த்ததற்கே பயந்தேன் என்றால், அந்தப் பெருமை சிலெக்டர் அண்ணை ஒருவருக்குத்தான். அவர் பந்தைக் காலால் தொட்டதை ஒருவரும் கண்டதில்லை. இருந்தும் எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் முழுக்க, ஒரு சுவிஸ் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் யாரை வாங்குவது, யாரை விடுவது என்பதைத் தீர்மானித்தவர் அவர். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஓம் அப்பா" என்கிறார்கள்.

அப்போது நாங்கள் சூரிச்சை அடுத்த ஷ்லீரனில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு மர விடுதியில் இருந்தோம். முன்பு இத்தாலியக் கட்டடத் தொழிலாளர்கள் இருந்த இடம். அவர்கள் போனபின், அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எங்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். அறைக்கு நாலு பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். என் தலைக்கு மேலே குலம் படுத்திருந்தான். குலம் எதையும் நம்பமாட்டான். இலங்கை வானொலி நேரம் சொன்னாலே தன் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வான். எதிர்க் கட்டிலில் சிலெக்டர் அண்ணை.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய பாதம். ஊரில் என்ன வேலை செய்தவர் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். குலத்துக்குக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்று சொன்னார். எனக்கு நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்தவர் என்றார். வந்த முதல் பின்னேரமே விடுதிக்குப் பின்னால் பந்தடிக்கப் போனவர்களை இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். பிரிக்கும்போது ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அன்றைக்கே குலம் அவருக்கு சிலெக்டர், ஆள் தெரிவு செய்கிறவர், என்று பேர் வைத்துவிட்டான்.

அந்த விடுதியில் சட்டம் எழுதாமலே நடந்த ஒரே வழக்கம் சப்பாத்தை வெளியே கழற்றிவிடுவது. நீண்ட ஓடை, அதாவது நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள், ஓடை நெடுக முப்பது சோடி சப்பாத்து. எல்லாம் தேவாலயக் கூடத்தில் தந்த பழைய சப்பாத்துகள். ஒவ்வொரு நாள் காலையும் சிலெக்டர் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்ல நடந்து பார்ப்பார். சில சோடிகளுக்கு முன்னால் நிற்பார். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைப்பார். பிறகு அறைக்கு வந்து கொப்பியில் எழுதுவார். ஓடைப் பலகையில் அவர் காலடி கேட்காது. கோப்பையும் கரண்டியும் தட்டுப்படுகிற சத்தம் மட்டும் அறை அறையாக வந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் என் அறை வாசலில் நின்றால் நான் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

வேலை செய்ய அனுமதி வந்ததும் அவருக்குக் கிடைத்தது பக்கத்து உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்தில் புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வீரர்கள் உடுப்பு மாற்றும் அறையைக் கழுவுவது. கழகத்தின் பேரைச் சொல்லமாட்டேன். இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். அதிலும் கீழே விழாமல் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சிலெக்டர் அண்ணை வேலைக்குப் போன முதல் வாரமே வாளியும் துணியுமாக அறை வாசலில் குறுக்கே நின்றார். கழுவின நிலத்தில் சப்பாத்தோடு ஏறக்கூடாது என்று கையைக் காட்டினார். அவருக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழியில் தெரிந்தது, கூடாது என்கிற "நைன்" ஒன்றுதான். அது போதுமாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் சம்பளத்துக்கு ஆடுகிற இருபது சுவிஸ்காரர் சப்பாத்தை வெளியே வரிசையாகக் கழற்றிவிட்டு, காலுறையோடு சத்தம்போடாமல் உள்ளே போகப் பழகிவிட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தால் உள்ளே பூசை நடக்கிறது என்று நினைத்திருப்பார்.

அந்த வரிசையையும் அவர் பார்த்தார். அதே கொப்பியில் எழுதினார்.

இந்த நாட்டில் ஜூனில் ஆட்டம் முடிந்தால் ஓகஸ்ட் வரை மைதானம் ஓய்ந்துவிடும். கழகங்களுக்கு அதுதான் பெரிய வேலைக் காலம். யார் போகிறான், யாரைக் கொண்டுவருகிறோம், வெளிநாட்டுக்காரருக்கு இருக்கிற ஒன்றிரண்டு இடத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்று மண்டையைப் போட்டு உடைப்பார்கள். எங்கள் கழகத்தில் அந்த மண்டை ஹெர் மெய்லி, அதாவது மெய்லி ஐயா, என்பவருடையது. வீரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் பொறுப்பு. உருண்டையான மனிதர். அவர் அறையில் ஒரு பெரிய தகரப் பலகை இருந்தது. வீரர் ஒவ்வொருவருக்கும் காந்தத்தில் ஒட்டிய ஒரு பெயர் அட்டை.

ஒருநாள் ஹெர் மெய்லி புல் வெட்டும் மெஷினின் இருக்கையில் கிடந்த கொப்பியைப் புரட்டிவிட்டார். இடப்பக்கத் தாளின் தலையில் "போறவை" என்றும் வலப்பக்கத்தில் "வாறவை" என்றும், போகிறவர்கள், வருகிறவர்கள் என்று பிரித்துத் தமிழில் எழுதியிருந்தது. அவருக்கு அது புரியவில்லை. ஆனால் போறவைக்குக் கீழே முதல் பேர், வெளியே காட்டும் ஒரு அம்புக்குறியோடு, ஆங்கில எழுத்தில் இருந்தது. அது கழகத்தின் கப்டன் பேர். அந்தக் கப்டன் எட்டு வருடமாக அங்கே ஆடுகிறவர், ஊரிலே சொந்தமாக விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறவர். தான் போகப்போவதாக முதல்நாள் மாலைதான் கதவைச் சாத்திக்கொண்டு மெய்லியிடம் சொல்லியிருந்தார். கொப்பியில் அது மூன்று வாரத்துக்கு முந்திய தேதியில் இருந்தது.

வேவு பார்க்க வேறு கழகம் அனுப்பிய ஆள் என்று மெய்லி முடிவுகட்டிவிட்டார். விசாரணைக்கு மொழிபெயர்க்க, கொஞ்சம் டொச் படித்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். சிலெக்டர் அண்ணை அலுவலக வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"கப்டன் போறார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னதெண்டு கேக்கிறார் அண்ணை."

"சப்பாத்து."

நான் மொழிபெயர்த்தேன். மெய்லி பேனாவை எடுத்துக்கொண்டு, எந்தச் சப்பாத்துக் கம்பனி என்று கேட்டார்.

"கம்பனியோ. உவருக்கு விளங்கேல்லை. தம்பி, வடிவாச் சொல்லு. போகப்போறவன் நுனிக்காலிலைதான் நடப்பான். அவனுக்கே தெரியாது. குதி தேயாது. நிக்கிறவன் குதியிலை நிப்பான். அந்தக் கப்டன்ரை குதி மாசிமாசத்திலை இருந்து தேயேல்லை."

சொல்லி முடித்தேன். ஹெர் மெய்லி தன் இரண்டு காலையும் மெதுவாக இழுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டென்மார்க்கிலிருந்து ஒரு முன்வரிசைக்காரனைப் பரீட்சைக்கு வரவழைத்திருந்தார்கள். வெள்ளை முடி, பனை உயரம். பயிற்சியில் அவன் போட்ட கோல்களைப் பார்த்துக் கழகத் தலைவர் கண்ணீர் விட்டார் என்று கேள்வி. சிலெக்டர் அண்ணை வாசலில் நின்ற அவன் சப்பாத்தைப் பார்த்தார். வழக்கமாக ஒரு சோடிக்கு அரை நிமிடம்தான். இதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உவர் மெய்லியிட்டைச் சொல்லு தம்பி. இந்தப் பெடியன் வரேல்லை."

"அண்ணை, அவன் உள்ளுக்கை குளிச்சுக்கொண்டு நிக்கிறான். பாட்டுக் கேக்குது."

"சப்பாத்து வந்திருக்கு. ஆள் வரேல்லை."

இதை எப்படி டொச்சில் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தமாதிரிச் சொன்னேன். மெய்லி சிரித்தார். அன்று பின்னேரமே டேனிஷ்காரன் கையெழுத்து வைத்தான். கழுத்தில் கழகத்தின் சால்வையோடு அவன் சிரிக்கும் படம் அடுத்தநாள் காலைப் பத்திரிகையில் வந்தது. பத்திரிகை வந்த நேரம் அவன் ஹோட்டலில் இல்லை. கட்டில் விரிப்பு கசங்கியிருக்கவில்லை. ஹோட்டல்காரர் அவன் வெளியே போனதைக் காணவில்லை. டென்மார்க்கில் அவன் வீட்டுக்காரர் அவன் வந்ததைக் காணவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொரு நாட்டிலிருந்து மன்னிப்புக் கடிதம் போட்டானாம். சப்பாத்து மட்டும் உடுப்பு மாற்றும் அறை வாசலில், முதல்நாள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து அலுமாரியில் வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹெர் மெய்லி ஒரு பெரிய கிரீம் கேக்கோடு எங்கள் விடுதிக்கு வந்தார். ஓடையில் முப்பது சோடி சப்பாத்தைக் கண்டதும் தானும் கழற்றினார். எங்கள் அறையில் கீழ்க்கட்டிலில் இருக்கப் போய், மேல்கட்டிலில் தலையை இடித்துக்கொண்டார். தலையைத் தடவியபடியே, வரப்போகிற ஆட்டக்காலத்துக்கு யாரை எடுக்கலாம் என்று கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் விடுதிக்குப் பார்சல் வரத் தொடங்கியது. வாங்க நினைக்கும் வீரர்களின் பழைய சப்பாத்துகளை, கழுவாமல், துடைக்காமல் அனுப்பச் சொல்லி மெய்லி மூன்று நாட்டுக் கழகங்களுக்கு எழுதிவிட்டார். ஒஸ்திரியாச் சேறு, யூகோஸ்லாவியச் சேறு எல்லாம் ஷ்லீரனுக்குத் தபாலில் வந்தது. எங்கள் அப்வார்ட், அதாவது விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆள், முதல் பார்சலைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். சிலெக்டர் அண்ணை ஒவ்வொரு சோடியையும் ஓடையில் எங்கள் சப்பாத்துகளோடு ஒரே வரிசையில் வைத்தார். மூன்று நாள் அப்படியே நிற்க வேண்டும், அப்போதுதான் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும் என்றார். குலம் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணை, சப்பாத்து என்னெண்டு பாக்கும்? அதுக்குக் கண் எங்கை கிடக்கு?"

"நீ காலமை எழும்பிப் பார். உன்ரை எந்தப் பக்கம் நிக்குதெண்டு."

எங்களுக்குப் பின்னால் ரயில் போகும்போது விடுதிப் பலகை முழுக்க அதிரும். அதனால் சப்பாத்துகள் ஒரு விரல், இரண்டு விரல் அசையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ரயில் எல்லாச் சோடிக்கும் ஒரே ரயில். சில சோடி மட்டும் காலையில் வெளியே போகும் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அது ஏன் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பின்வரிசையில் இடப்பக்கத்துக்கு ஒரு ஆள் மெய்லிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. சிலெக்டர் அண்ணை கொப்பியைப் பார்த்து, வாங்க வேண்டாம், வியாழக்கிழமை ஆள் தானாக வரும் என்றார். வாறவைக்குக் கீழே "இடக்கால், வலப் புருவத்திலை தழும்பு" என்று எழுதி இரண்டு கிழமை ஆகியிருந்தது. வியாழக்கிழமை மெய்லி காரில் வந்து விடுதி வாசலில் காத்திருந்தார். மத்தியானம் ஒரு பிளாஸ்டிக் பையோடு, சளியில் மூக்கு வடிய ஒருவன் பொலிஸ் வண்டியிலிருந்து இறங்கினான். புதிதாக எங்கள் விடுதிக்கு அனுப்பப்பட்ட அகதி, பேர் யோகன். வலப் புருவத்தில் தழும்பு. படியேறும்போது இடக்காலைத்தான் முதலில் வைத்தான். மெய்லி அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"நீர் எந்த இடத்திலை விளையாடுறனீர் எண்டு கேக்கிறார்" என்றேன்.

யோகன் மெய்லியை அதிகாரி என்று நினைத்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அண்ணை, நான் வொலிபோல்தான் விளையாடுறனான். அதுவும் ஸ்கூலிலை. அதைக் குற்றமெண்டு எழுதுவினமோ?"

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். மெய்லிகூட, மனம் உடைந்தபின், சிரித்தார். சிலெக்டர் அண்ணை மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரே கொப்பியில் இரண்டு ரீமை எழுதினது தன் பிழை என்றார். இரண்டு ரீம், இரண்டு அணி என்றால், ஒன்று கழகம். மற்றது எங்கள் விடுதி என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் கக்கூசுக்குப் போன நேரம் கொப்பியைத் திறந்தேன். போறவையின் கீழே ஒஸ்திரியாக்காரர், சுவிஸ்காரர் பேர்களுக்கு இடையில், தமிழ் எழுத்தில் குலத்தின் பேர் இருந்தது.

குலத்திடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சிலெக்டரிடம் போய் மடியில் வைத்தான்.

"நான் எங்கை அண்ணை போறது? எனக்கு நெகட்டிவ் கடிதம் வரேல்லை, நாட்டை விட்டுப் போகச் சொல்லேல்லை. காசில்லை. எனக்கு ஷ்லீரனுக்கு அங்காலை ஒரு மனிசனைத் தெரியாது."

"எனக்கும் தெரியாது தம்பி. சப்பாத்து போகுது."

நாலாம் நாள், பத்து வருடமாகத் தொடர்பில்லாத ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் பாரிசிலிருந்து ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினான். கடையில் ஆள் தேவை, இப்போதே வெளிக்கிடு என்றான். குலம் போகும்போது அழுதான். அவன் அழுது நான் கண்டது அது ஒன்றுதான். வான் கதவைச் சாத்துமுன் என்னைப் பார்த்து, "மச்சான், நான் நம்பேல்லை" என்றான்.

அதற்குப் பிறகு விடுதி விடுதியாக இருக்கவில்லை. ஆட்கள் சப்பாத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார்கள். சிலர் ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கவிட்டார்கள். யோகன் தன்னுடையதைக் கறிச்சட்டிக்குள் வைத்து மூடினான், நாங்கள் அது தெரியாமல் அடுப்பில் ஏற்றிவிட்டோம். சிலர் விதியைக் குழப்பலாம் என்று ஒருவர் சப்பாத்தை ஒருவர் மாற்றிப் போட்டார்கள். ஏழாம் இலக்கக் காலும் பத்தாம் இலக்கக் காலும் மாறிப்போனதில், தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கு ஷ்லீரன் வீதியில் ஒரு பக்கம் நொண்டியும் ஒரு பக்கம் இழுத்தும் போனார்கள். அப்வார்ட் வைத்தியரை அழைத்துவந்து எங்கள் எல்லோருடைய பாதங்களையும் காட்டினார். நெகட்டிவ் வந்தவர்களுக்கு எப்படியும் வந்தது. கனடாவுக்குப் போனவர்கள் எப்படியும் போனார்கள். ஓடையில் சப்பாத்து இல்லாத நாட்களிலும் சிலெக்டர் அண்ணை கோப்பையோடு நடந்தார். வெறும் பலகைக்கு முன்னால் நின்று பார்த்தார். எழுதினார்.

ஜூலை முடிகிற சமயம் போறவையில் என் பேரைக் கண்டேன்.

எனக்குப் போக இடமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். குலத்துக்கு வந்ததுபோல் எனக்கு ஒரு பாரிஸ் அண்ணன் கிடையாது. திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் யார் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் தம்பியைக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே போனேன். அவர் சுண்ணாம்பு வண்டியை உருட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்ரை பேரை வெட்டிவிடுங்கோ."

"நான் விரும்பி எழுதுறதில்லை தம்பி. பாத்து எழுதுறன்."

"அப்ப வடிவாப் பாருங்கோ." அங்கேயே சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவர் திருப்பிப் பார்த்தார். விரலால் குதியைத் தடவினார். "எட்டு மாசம் இஞ்சை நிக்கிறாய். குதி புதுசாக் கிடக்கு. நீ ஒருநாளும் காலை ஊண்டேல்லை. ஏன் ஊண்டேல்லை?"

"பயம் அண்ணை."

அவர் சப்பாத்தைப் புல்லில் வைத்துவிட்டு மிச்சக் கோட்டைப் போடப் போனார்.

அடுத்த ஒரு கிழமை நான் குதியைத் தேய்க்கும் தொழிலில் இறங்கினேன். விடுதிச் சீமெந்துப் படியில் உட்கார்ந்து இரண்டு குதியையும் உரஞ்சினேன். ஷ்லீரனிலிருந்து சூரிச் வரைக்கும் குதியால் மட்டுமே நடந்து போய்த் திரும்பினேன். எதிரே வந்த சுவிஸ் அம்மா ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வீதியின் அந்தப் பக்கம் மாறினார். கடைசியில் இரண்டு குதியும் சரிந்து, நின்றாலே பின்னுக்கு விழும் நிலைக்கு வந்ததும் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது தேய்ச்ச தேய்வு" என்றார் சிலெக்டர் அண்ணை. "நடந்த தேய்வில்லை."

எனக்குக் கோபம் வந்தது. "உங்கடை சப்பாத்து என்ன சொல்லுது? அதைப் பாத்தியளோ?"

"என்ரையை நான் பாக்கிறதில்லை."

"அப்ப நான் போறதுதானோ? வேறை வழியே இல்லையோ?"

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "சப்பாத்து போகும் தம்பி. அது எனக்கு வடிவாத் தெரியுது. அதுக்குள்ளை ஆரின்ரை கால் இருக்குமெண்டு நான் பாக்கேல்லை."

செவ்வாய்க்கிழமை பதிவுத் தபால் வந்திருப்பதாகத் துண்டு வந்தது. தபால் கந்தோரில் போய்க் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும். பேர்ணிலிருந்து பதிவில் வருவது பெரும்பாலும் நெகட்டிவ்தான். அன்று கந்தோர் பூட்டிவிட்டது. அடுத்தநாள் காலை எழும்பி ஓடைக்கு வந்தேன். என் சப்பாத்து நின்ற இடத்தில் வேறொரு சோடி நின்றது. பெரிய கறுப்புச் சோடி, சிலெக்டர் அண்ணையுடையது. படிக்கட்டைப் பாராமல், விரல் பக்கம் என் அறையைப் பார்த்தபடி நின்றது. திரும்பி அறைக்குள் பார்த்தேன். எதிர்க்கட்டில் விரிப்பு கசங்காமல் இருந்தது. அவருடைய குளிர் ஜக்கெட் ஆணியில் தொங்கியது. கொப்பி என் கால்மாட்டில் இருந்தது.

தேடிப் பார்க்க எனக்கு நேரமில்லை, வேறு சப்பாத்தும் இல்லை. அதை மாட்டிக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தேன். எனக்கு இரண்டு இலக்கம் பெரிது. குதியை நன்றாக ஊன்றாவிட்டால் கழன்றுவிடும். ஒவ்வொரு அடியும் ஊன்றி ஊன்றித்தான் நடந்தேன். கந்தோர் வாசலில் ஒரு கணம் நின்று, காலைத் தூக்கி அடியைப் பார்த்தேன். இரண்டு குதியும் ஆணி தெரியத் தேய்ந்திருந்தன. தேய்ச்ச தேய்வில்லை, நடந்த தேய்வு.

கடிதத்தில் நான் தங்கலாம் என்று எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தேன். பிறகு கந்தோர்க்காரப் பெண்ணிடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னேன்.

விடுதிக்குத் திரும்பி ஓடி வந்தபோது ஹெர் மெய்லி வாசலில் நின்றார். முகத்தில் இரத்தமில்லை. என்னைக் காரில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார். ஆட்டக்காலம் தொடங்க நாலு நாள் இருந்தது. மைதானம் முழுக்கக் கோடு புதிதாகப் போட்டிருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. வண்டி கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றது. அங்கிருந்து புல்லின் மேல் வெள்ளைக் காலடிகள் தொடங்கி மைதானத்தின் நடு வட்டம்வரை போயிருந்தன. அது என் சப்பாத்தின் அடி. வலச் சப்பாத்தின் அடியில் இருந்த வெட்டு எனக்குத் தெரியும். நடுப் புள்ளிக்குப் பிறகு காலடி இல்லை. சுண்ணாம்பு தீர்ந்திருக்கும் என்று மெய்லி சொன்னார். ஓம், தீர்ந்திருக்கும் என்று நானும் சொன்னேன். இரண்டு பேரும் வட்டத்துக்குள் காலை வைக்காமல் நின்றோம். ஒவ்வொரு அடியிலும் குதி ஆழமாகப் பதிந்திருந்தது.

சிலெக்டர் அண்ணைக்கு நெகட்டிவ் வரவில்லை. பொலிஸ் தேடவில்லை. அவருக்கு நிரந்தர வேலை தரவேண்டும் என்று மெய்லி பேர்ணுக்குக் கடிதம் எழுதிப் பதிலும் நல்லபடி வந்திருந்தது. அவர் போவதற்கு ஒரு காரணமும் இல்லை. பாரிசில் குலத்திடம் கேட்டேன், கனடாவில் கேட்டேன், ஊரிலே சங்கக்கடையிலும் நில அளவைத் திணைக்களத்திலும் கேட்டு எழுதினேன். ஒருவரும் காணவில்லை. கழகம் அந்த வருடம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மெய்லி சாகும்வரை புது ஆளை எடுக்குமுன் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார்; ஆனால் அவருக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

கொப்பி என்னிடம் இருக்கிறது. போறவையில் என் பேரை அவர் வெட்டவில்லை. பார்த்து எழுதினதை வெட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கடைசித் தாளில் "நிக்கிறவை" என்று ஒரு தலைப்பு; அதற்குக் கீழே இருந்தது ஒரே ஒரு பேர், அதுவும் என் பேர்தான். மை ஊறியிருந்ததைப் பார்த்தால் அவசரமாக எழுதியிருக்கிறார்.

அந்தக் கறுப்புச் சோடி இன்றைக்கும் என் வீட்டு வாசலில், என் பேரப்பிள்ளையின் சப்பாத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைக் குப்பையில் போடச் சொல்லி மனைவி முப்பது வருடமாகச் சொல்கிறாள். நான் காதில் போடுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் ரயிலும் இல்லை. ஆனாலும் சில காலையில் அது ஒரு விரல் அசைந்திருக்கிறது. ஒவ்வொரு ஜூனும் ஆட்டக்காலம் முடிந்ததும் கொப்பியை எடுத்து, வாறவைத் தாளில் அந்த வருடத்துக்கு சிலெக்டர் அண்ணை என்ற ஒரே ஒரு பேரை எழுதுகிறேன். பிறகு வாசலுக்குப் போய், வெளியிலிருந்து வருகிறவர் காலை நுழைக்கச் சுகமாக, அந்தச் சோடியைத் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன்.